ஆய்வாளரின் கணக்கும் நோயாளியின் கணக்கும்

எம்மவர் வீடொன்றில் ஒருவருக்குப் பாரிசவாதம் வந்துவிட்டால், அல்லது கட்டட வேலையிடத்தில் சாரத்திலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்துவிட்டால், முதல் ஒரு கிழமைக்குள் ஒரு விடயம் தவறாமல் நடக்கும். கனடாவிலிருக்கும் மச்சான், லண்டனிலிருக்கும் சித்தப்பா, இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கும் பெறாமகள் என்று ஆளுக்கொரு பக்கம் இணையத்தில் தேடத் தொடங்குவார்கள். இரண்டு நாளில் ஒரு பேராசிரியரின் பெயர் வந்துவிடும். "இவர் நானூறு கட்டுரை எழுதியிருக்கிறாராம். உலகம் முழுக்க இவரைத்தான் மேற்கோள் காட்டுகிறார்களாம். இவரிடம் காட்டினால் எழுந்து நடக்கலாம்" என்று தொலைபேசியில் சொல்வார்கள். கட்டிலில் கிடப்பவரின் மனைவிக்கு அந்த நேரத்தில் அது தெய்வவாக்காகக் கேட்கும்.

அந்த இலக்கத்தைப் பற்றித்தான் இம்முறை எழுத விரும்புகிறேன். ஒரு மூளை, நரம்பியல் ஆய்வாளர் எத்தனை கட்டுரை எழுதினார், எத்தனை பேர் அவரை மேற்கோள் காட்டினர் என்ற கணக்கு பொய்யானதல்ல. ஆனால் அது ஆய்வாளர்கள் தமக்குள்ளே வைத்திருக்கும் கணக்கு. நோயாளிக்கு வேண்டியது வேறொரு கணக்கு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் எமது குடும்பங்கள் காசையும் இழக்கின்றன, காலத்தையும் இழக்கின்றன என்பது என் கருத்து.

முதலில் அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று பார்ப்போம். ஆய்வாளர் ஒருவர் தாம் கண்டதை எழுதி ஒரு விஞ்ஞான சஞ்சிகைக்கு அனுப்புவார். வேறு நிபுணர்கள் வாசித்துச் சரிபார்த்த பின் அது வெளிவரும். பிறகு மற்றவர்கள் தமது கட்டுரைகளில் அதைக் குறிப்பிட்டால் ஒரு மேற்கோள். 2005இல் அமெரிக்காவில் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியலாளர் ஹோர்ஹே ஹேர்ஷ் இவ்விரண்டையும் சேர்த்து ஒரே இலக்கமாக்கினார். அதன் பெயர் எச் சுட்டெண். ஒருவரின் எச் சுட்டெண் 50 என்றால், அவருடைய கட்டுரைகளில் 50 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 50 தடவை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். பள்ளிக்கூடத்துப் புள்ளி மாதிரி ஒரே இலக்கம் கிடைத்ததும் எல்லோருக்கும் வசதியாகிவிட்டது. எங்கள் பெற்றோருக்கும்தான். கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கும் பிள்ளையிடம் "இந்த வருடம் எத்தனை பேப்பர்?" என்று கேட்பவர்களை நான் அறிவேன். ஓ.எல். பெறுபேறு கேட்ட பழக்கம் இன்னும் போகவில்லை!

ஆனால் மேற்கோள் என்பது பாராட்டு அல்ல. "இவர் சொன்னது பிழை" என்று எழுதுபவரும் அவரை மேற்கோள் காட்டித்தான் எழுதவேண்டும். பலர் வேலை செய்யும் துறையில் மேற்கோள் தானாகவே கூடும், சிலர் மட்டும் வேலை செய்யும் அரிய நோயொன்றில் எவ்வளவு நல்ல ஆய்வுக்கும் அது குறைவாகத்தான் இருக்கும். எலியில் செய்த ஆய்வுக்கும் மனிதரில் செய்த ஆய்வுக்கும் இந்தக் கணக்கில் வேறுபாடே இல்லை. நோயாளியின் வீட்டாருக்கு முக்கியமான வேறுபாடு அதுதான்.

இதை விளக்க வெளிநாட்டு உதாரணம் தேடத் தேவையில்லை. சூரிச்சிலேயே இருக்கிறது. பேராசிரியர் மார்ட்டின் ஷ்வாப் 1949இல் பாசலில் பிறந்தவர். 1985இலிருந்து சூரிச் பல்கலைக்கழகத்தின் மூளை ஆய்வு நிலையத்தில் பேராசிரியராக இருந்தவர், பின்னர் சூரிச் தொழில்நுட்ப உயர்கல்லூரியிலும் பதவி வகித்தவர். அவர் வாழ்நாள் முழுவதும் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையிலோ காலிலோ நரம்பு அறுந்தால் மெதுவாகத் திரும்ப வளர்கிறது. முள்ளந்தண்டுக்குள் இருக்கும் முண்ணாணில் அறுந்தால் ஏன் வளர்வதில்லை?

நெடுங்காலமாக மூளை, முண்ணாண் நரம்புகளுக்கு வளரும் சக்தியே இல்லை என்றுதான் பாடப்புத்தகங்களில் இருந்தது. 1981இல் கனடாவின் மொன்றியலில் டேவிட், அகுவாயோ என்ற இருவர், எலியின் முண்ணாணுக்கு அருகில் கால் நரம்பின் துண்டொன்றைப் பாலம்போல வைத்தபோது அதே முண்ணாண் நரம்பு நார்கள் அந்தப் பாலத்துக்குள் வளர்ந்ததைக் காட்டினர். அப்படியானால் குறை நரம்பில் இல்லை, அது இருக்கும் இடத்தில் இருக்கிறது. ஷ்வாப் 1985இல் இதை இன்னும் நெருங்கிப் பார்த்தார். கண்ணாடித் தட்டில் நரம்புக் கலங்களை வைத்து, வளர்ச்சிக்கு வேண்டிய ஊட்டத்தைத் தாராளமாகக் கொடுத்து, ஒரு பக்கம் கால் நரம்பையும் மறுபக்கம் கண் நரம்பையும் வைத்தார். கால் நரம்புக்குள் நார்கள் புகுந்து வளர்ந்தன. மூளையின் பகுதியாகிய கண் நரம்புக்குள் புகவில்லை. அங்கே எதுவோ தடுக்கிறது என்று முடிவு செய்தார்.

1988இல் அவரும் பிக்கோ கரோனியும் அந்தத் தடுப்பு எங்கே இருக்கிறது என்று காட்டினர். நரம்பு நார்களைச் சுற்றிக் கம்பிக்கு ரப்பர் உறைபோல மயலின் என்ற கவசம் இருக்கிறது. மூளையிலும் முண்ணாணிலும் உள்ள மயலினில் வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் இருந்தன. அவற்றைக் கட்டிப்போடும் பிறபொருளெதிரி ஒன்றையும் அவர்கள் உருவாக்கினர். 1990இல் லீசா ஷ்னெல்லும் ஷ்வாப்பும் அதை எலிகளில் பரிசோதித்து 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினர். அறுபட்ட முண்ணாண் நார்களில் ஒரு சிறு பகுதி, காயத்தைத் தாண்டிச் சில மில்லிமீற்றர் வளர்ந்திருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை இது. 2000ஆம் ஆண்டு அந்தப் புரதத்தின் மரபணு கண்டறியப்பட்டது. சூரிச் குழு, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு, பிரித்தானிய மருந்து நிறுவனமொன்றின் குழு ஆகிய மூன்றும் 'நேச்சர்' சஞ்சிகையின் ஒரே இதழில் அதை அறிவித்தன. வைத்த பெயர் நோகோ. 'போகாதே' என்று பொருள். விஞ்ஞானிகளுக்கும் நகைச்சுவை உண்டு.

இந்த இடத்தில் நிறுத்தி அவருடைய சாதனைப் பட்டியலைப் பார்த்தால், நூற்றுக்கணக்கான கட்டுரைகள், பல்லாயிரம் மேற்கோள்கள், உலகெங்கும் அவரைப் பின்பற்றிய ஆய்வுகூடங்கள் எல்லாம் தெரியும். அப்போது ஒரு குடும்பம் இணையத்தில் தேடியிருந்தால் "மருந்து கண்டுபிடித்தாயிற்று" என்றே நினைத்திருக்கும். ஆனால் கதை அதன் பிறகுதான் கடினமாகிறது.

2003இல் மூன்று ஆய்வுகூடங்கள் நோகோ புரதம் இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தன. ஒன்றில் நார்கள் நன்றாக வளர்ந்தன. ஷ்வாப்பின் கூடத்தில் ஓரளவு வளர்ந்தன. மூன்றாவதில் வளரவே இல்லை. மூன்றும் ஒரே சஞ்சிகையில் ஒரே நேரத்தில் வெளிவந்தன. ஏன் இந்த வேறுபாடு என்று வருடக்கணக்கில் வாதம் நடந்தது. அந்த வாதத்தில் எழுதப்பட்ட கட்டுரைகளும் ஷ்வாப்பின் மேற்கோள் கணக்கைக் கூட்டின என்பதைக் கவனியுங்கள். சந்தேகமும் இலக்கமாக மாறி அவர் பெயருக்கே சேர்ந்தது.

2006இல் பிரிபோர்க் பல்கலைக்கழகத்தில் குரங்குகளுக்கு இந்தப் பிறபொருளெதிரி கொடுக்கப்பட்டபோது விரல்களின் நுட்பமான அசைவு நன்றாகத் திரும்பியது. அதே ஆண்டில் பாசலின் நோவார்ட்டிஸ் நிறுவனத்துடன் மனிதரில் முதற்கட்ட ஆய்வு தொடங்கியது. புதிதாக முண்ணாண் காயமடைந்த 52 பேர் பங்குபற்றினர். அதன் நோக்கம் நடக்க வைப்பதல்ல, மருந்து தீங்கு செய்யாமல் உடலில் நிற்குமா என்று பார்ப்பது. தாங்கிக்கொள்ளக்கூடிய மருந்து என்ற முடிவு 2018இல்தான் முழுமையாக வெளியானது.

அடுத்துப் பெரிய ஆய்வு. சுவிஸ், ஜேர்மனி, ஸ்பெயின், செக் குடியரசு ஆகிய நாடுகளின் 13 வைத்தியசாலைகளில், சூரிச் பால்கிறிஸ்ற் வைத்தியசாலையையும் சேர்த்து, கழுத்துப் பகுதியில் முண்ணாண் காயமடைந்த 126 பேர் சேர்க்கப்பட்டனர். 78 பேருக்குப் பிறபொருளெதிரியும் 48 பேருக்கு மருந்து சேராத வெறும் திரவமும், முள்ளந்தண்டு வழியாக ஆறு தடவை ஏற்றப்பட்டன. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிப்பவருக்கும் தெரியாது. முடிவுகள் 2024 டிசம்பரில் 'லான்செட் நியூரோலொஜி' சஞ்சிகையில் வந்தன. ஆறு மாதத்தின் பின் கைகளின் பலத்தை அளந்தபோது, எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் இரு பகுதியினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. காயம் முழுமையாக இல்லாமல், ஓரளவு அசைவு மிஞ்சியிருந்தவர்களில் மட்டும் கையின் அசைவிலும் அன்றாடக் கருமங்களைத் தாமே செய்வதிலும் முன்னேற்றம் இருப்பதற்கான அறிகுறி தெரிந்தது.

1990இலிருந்து 2024 வரை எண்ணிப் பாருங்கள். முப்பத்துநான்கு வருடங்கள். எலியில் வெற்றி, உலகப் புகழ், பல்லாயிரம் மேற்கோள். இவ்வளவுக்கும் பின் மருந்தகத்தில் வாங்கக்கூடிய மருந்து இன்னும் இல்லை. இதனால் ஷ்வாப் தோற்றுவிட்டார் என்று சொல்பவரோடு நான் உடன்படமாட்டேன். 'முண்ணாண் நரம்பு வளராது' என்று கைவிடப்பட்ட ஒரு துறையை 'எது தடுக்கிறது?' என்று தேடும் துறையாக மாற்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. எதிர்பார்த்த பலன் கிடைக்காதபோதும் அதை மறைக்காமல் வெளியிட்டது இன்னொரு பெருமை. மேற்கோள் இலக்கத்தில் இது தனியாகத் தெரியாது. ஆனால் கட்டிலில் கிடப்பவரின் வீட்டார் அந்த இலக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால், 1990இலேயே அவர் எழுந்து நடந்திருக்கவேண்டும்.

மறுபக்கமும் உண்டு. எம் தமிழர் ஒருவரின் கதை இது. 1951இல் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்ற வி. எஸ். ராமச்சந்திரன், எச் சுட்டெண்ணைக் கொடுத்த அதே சான் டியேகோப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நரம்பியல் விஞ்ஞானி. கை, கால் இழந்தவர்கள் பலருக்கு அந்த இல்லாத உறுப்பிலேயே வலி இருக்கும். இறுகப் பொத்திய விரல் விரிய மறுப்பதுபோல வேதனைப்படுவார்கள். மிதிவெடியில் காலை இழந்த உறவுகள் உள்ள வீடுகளில் இதை நான் விளக்கத் தேவையில்லை. "கால் இல்லை, பிறகெப்படிக் கால் நோகும்?" என்று சுற்றியிருப்பவர்கள் நம்பாமல் விட்டதும் நடந்திருக்கிறது.

ராமச்சந்திரன் 1990களின் நடுப்பகுதியில் செய்தது மிக எளிமையானது. ஒரு பெட்டியின் நடுவே கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் விம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி வைத்தார். இருக்கும் கையை விரித்தால் இல்லாத கையும் விரிவதைக் கண் காண்கிறது, சிலருக்கு வலி தளர்கிறது. கருவியின் செலவு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. 2007இல் அமெரிக்க இராணுவ வைத்தியசாலையொன்றில் கால் இழந்தவர்களிடம் இதை முறையாகச் சோதித்தனர். கண்ணாடியைப் பயன்படுத்திய ஆறு பேருக்கும் நான்கு கிழமையில் வலி குறைந்தது. மூடிய கண்ணாடியைப் பார்த்தவர்களில் ஒருவருக்கு மட்டும் குறைந்தது. சிறிய ஆய்வு, பிந்திய ஆய்வுகள் எல்லோருக்கும் பலன் என்று சொல்லவில்லை. ஆனாலும் இதே கண்ணாடி பாரிசவாதத்தின் பின் கைப்பயிற்சிக்கும் வந்துவிட்டது. 2018இல் 62 ஆய்வுகளையும் ஏறக்குறைய 2,000 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு, அசைவிலும் அன்றாட வேலைகளிலும் ஓரளவு முன்னேற்றம் உண்டு என்றது. உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் கேட்டுப் பார்க்கக்கூடிய ஒன்று இது. ஊரிலிருக்கும் உறவுக்கும் சொல்லலாம்.

அதே ராமச்சந்திரன்தான் ஓட்டிசத்துக்குக் காரணம் மூளையின் 'கண்ணாடி நரம்புக் கலங்கள்' பழுதடைவது என்றும் 2006இல் பிரபலமாக எழுதினார். பத்திரிகைகள் கொண்டாடின, மேற்கோள்களும் குவிந்தன. ஆனால் 2013இல் அதுவரை நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஓட்டிசம் உள்ளவர்களில் அந்த அமைப்பு முழுமையாகப் பழுதடைந்திருப்பதற்கு நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. ஒரே மனிதர், ஒரே புகழ். ஒரு யோசனை நோயாளிவரை வந்து சேர்ந்தது, மற்றது வரவில்லை. ஆகவே 'பெரிய பேராசிரியர் சொன்னவர்' என்பதை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளைக்கும் எந்தச் சிகிச்சையையும் தொடங்கக்கூடாது. குறிப்பாக ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இலக்கத்தின் மீது சந்தேகம் எனக்கு மட்டும் வந்ததல்ல. ஆய்வாளரைச் சஞ்சிகைப் புள்ளியால் அளக்காதீர்கள் என்ற சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2013இல் வெளியானது. சுவிஸ் தேசிய விஞ்ஞான நிதியம் 2014இல் அதில் ஒப்பமிட்டது. 2024 மார்ச்சில் சூரிச் பல்கலைக்கழகம் 'டைம்ஸ்' உயர்கல்வித் தரவரிசையிலிருந்தே விலகிக்கொண்டது. இத்தகைய பட்டியல்கள் கட்டுரைகளின் எண்ணிக்கை போன்றவற்றைக் கூட்டத் தூண்டுகின்றன, தரம் பின்னுக்குப் போகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். தரவரிசை பார்த்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் தெரிவு செய்யும் எங்கள் ஆட்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

விஞ்ஞானிகளே கழற்றி வைக்கும் இந்த அளவுகோலை இன்று கையில் எடுத்திருப்பவர்கள் வேறு ஆட்கள். 'ஸ்டெம் செல்' சிகிச்சை என்று விளம்பரம் செய்யும் வெளிநாட்டு நிலையங்கள் சில, தமது பக்கங்களில் ஆய்வுக் கட்டுரைகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கின்றன. கட்டுரைகள் உண்மையானவையாகவே இருக்கலாம். ஆனால் அவை எலியில் செய்தவை, அல்லது வேறு யாரோ வேறு நோய்க்குச் செய்தவை. பல்லாயிரம் பிராங் கேட்பார்கள். சீட்டுக்காசு, நகை, ஊர்க்காணி என்று எல்லாம் போகும். இப்படிப் பணம் கேட்கப்பட்டால், இந்தச் சிகிச்சை மனிதரில் சோதிக்கப்பட்டதா, எத்தனை பேரில், சிகிச்சை பெறாத இன்னொரு பகுதியினரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா, அது எங்கே வெளியானது என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வரும் பதிலை உங்கள் குடும்ப வைத்தியரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். இங்கு ஒழுங்காக நடக்கும் மருந்து ஆய்வில் நெறிக்குழுவின் அனுமதி இருக்கும், பரிசோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்கமாட்டார்கள். காசு கேட்டால் அதை ஆய்வு என்று நம்பாதீர்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். காசு கேட்கும் நிலையத்தை நம்பும் நாங்கள், காசு கேட்காத வைத்தியசாலை ஆய்வு என்றால் "எங்களை வைத்துச் சோதிக்கப் பார்க்கிறார்கள்" என்று பின்வாங்குகிறோம். பல்கலைக்கழக வைத்தியசாலைகளில் அனுமதிக்கும்போது பொதுச் சம்மதப் படிவம் ஒன்றைத் தருவார்கள். உங்கள் மருத்துவத் தரவுகளையும் எஞ்சிய இரத்த மாதிரிகளையும் ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பதே அது. புதிய மருந்து ஏற்றுவதற்கான சம்மதம் அல்ல. அதற்குத் தனியாக விளக்கம் தந்து தனியாகக் கையொப்பம் வாங்கவேண்டும் என்பது 2014இலிருந்து நடைமுறையிலுள்ள மனித ஆய்வுச் சட்டம். மறுத்தாலும் சிகிச்சையில் குறை வைக்கமாட்டார்கள், பிறகு விலகவும் உரிமை உண்டு. விளங்காத மொழியில் ஒப்பமிடுவதும் விளங்காததால் மறுப்பதும் ஒன்றுதான். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், பத்து வயதுப் பிள்ளையை வைத்துக் கேட்டு முடிக்காதீர்கள்.

முண்ணாண் காயத்தைப் பொறுத்தவரை இது அவசரமான விடயம். நான் மேலே சொன்ன ஆய்வில் காயமடைந்து நான்கு நாளிலிருந்து 28 நாளுக்குள் சேர்ந்தவர்களுக்கே மருந்து ஏற்றப்பட்டது. அந்த நான்கு கிழமையை இணையத்தில் பேராசிரியர் பெயர் தேடுவதில் கழித்தால் பிறகு கேட்டுப் பயனில்லை. முதல் கிழமையிலேயே விடுதி வைத்தியரிடம் "இவருக்குப் பொருந்தும் ஆய்வு ஏதும் சுவிஸில் இப்போது நடக்கிறதா?" என்று கேட்கவேண்டும். சூரிச் பால்கிறிஸ்றிலும் லுற்சேர்ன் மாநிலத்தின் நொட்வில் நிலையத்திலும் இதற்குப் பதில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 2024இன் முடிவை வைத்து, மேம்படுத்திய பிறபொருளெதிரியோடு, பலன் தெரிந்த பிரிவினரைக் குறிவைத்து அடுத்த ஆய்வையும் சூரிச் குழுவினர் அறிவித்திருக்கிறார்கள். அதன் முடிவு வரவும் சில வருடங்கள் செல்லும்.